ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவள்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
12.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சென்னம்மாள் எழுதுவது. இங்கே நானும் விடுதிப் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேரும் சுகம். மழை விடாமல் பெய்கிறது. சமையல்கட்டில் விறகு நனைந்து புகைகிறது, அதைத் தவிரக் குறையில்லை. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கவிதா சுகமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் ஏதாவது கேட்டால் உங்களுக்கு இருமல் வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்தில் இருமல் வராது. நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

வருகிற மே முப்பத்தொன்றோடு எனக்கு ஓய்வு என்று தாள் வந்துவிட்டது. எட்டு வருடமாக இந்த உறைவிடப் பள்ளியை நான் நடத்துகிறேன். சமையல்காரர் வராத நாளில் குழம்பு கிண்டியவள் நான். பலாப்பழம் பழுக்கிற மாதத்தில் ஊருக்கு ஓடிப்போகும் பிள்ளைகளை மலைக் குடியிருப்புகளில் வளவு வளவாக நடந்து திரும்பக் கூட்டிவந்தவள் நான். ஆனால் என் பெயருக்குப் பின்னால் 'பொறுப்பு' என்றுதான் இருக்கிறது. தலைமையாசிரியர் அறைச் சுவரில், இதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர்கள் பெயரையெல்லாம் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பெயருக்கு நேரே '2016 வரை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்புக்கு எதிரே உட்கார்ந்து எட்டு வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

பதவி உயர்வு வழக்கில் நிற்கிறது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும், பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான் என்கிறார்கள். அதற்குள் நான் வெளியே போய்விடுவேன். உண்மையில் எனக்கு ஐம்பத்தாறுதான். என் வயதில் மூன்று வருடம் கூடுதலாகப் பதிந்திருப்பது உங்களுக்கும் தெரியும்.

1987-ல் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட என்னைக் கீழே ஆபீசுக்குக் கூட்டிப்போனது நீங்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். நீங்கள்தான் உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தீர்கள். 1965 ஜூன் ஒன்று என்று தேதி போட்டது எந்த குமாஸ்தா? ஆபீசில் தவறாக எழுதிவிட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அதை வைத்து நான் மனுப் போடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புள்ள தங்கை,
சென்னம்மாள்


காரவள்ளி
20.9.2024

அன்புத் தங்கை சென்னம்மாளுக்கு அண்ணன் சின்னுசாமி எழுதுவது. நலம், உன் நலம் அறிய ஆவல். நாற்பது வருசம் சாரத்தில் ஏறிச் சுவர் பூசின கால், இப்போது பஸ் படி ஏற மாட்டேன் என்கிறது. டாக்டர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கவிதா நல்லபடியாக இருக்கிறாள். மரவள்ளி இந்த வருசம் பரவாயில்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். மேலே மிளகு எப்படி?

நீ கேட்ட விசயம். அந்தக் காலத்தில் மலைக்காரங்க எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுதானே அம்மிணி. ஆபீசில் இருக்கிறவன் மூஞ்சியைப் பார்த்து வயசு போடுவான். யாரென்று கண்டோம்? அவனெல்லாம் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். செத்தவனைப் பற்றி என்ன எழுதுவது?

சுவரில் ஒட்டியிருந்த பழைய பேப்பரைப் பார்த்து நீயாகவே எழுத்துக் கூட்டினாய். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாய். அதுவே பெரிசு. பள்ளிக்கூடச் சுவரில் பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பேசாமல் ரெஸ்ட் எடு கண்ணு. தோட்டம் இருக்கிறது, மிளகுக்கொடி இருக்கிறது.

மழையில் நனையாதே.

அண்ணன்,
சின்னுசாமி


திண்ணனூர் நாடு
28.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மாத்திரை மாற்றியது கேட்டு நிம்மதி.

காரவள்ளியிலிருந்து இங்கே பஸ்ஸில் வர இரண்டு மணி நேரம். உங்கள் பதில் வர நாற்பது நாள். வந்த பதிலிலும் மரவள்ளி இருக்கிறது, மிளகு இருக்கிறது, நான் கேட்டது இல்லை.

ரெஸ்ட் எடு என்கிறீர்கள். எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். போன வாரம் என் கூட வேலை பார்க்கும் முரளி வாத்தியார் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சர், சாவிக்கொத்தை இப்பவே பழகிக்கட்டுங்களா? மேக்கொண்டு எனக்குத்தானுங்க பொறுப்பு" என்றார். "மே மாசம் வரைக்கும் அது என் இடுப்புலதான் இருக்கும். உங்களுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா இப்போதைக்குக் கக்கூஸ் சாவி தாரேன், தெனமும் தெறந்து கழுவ வெச்சுப் பழகுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை.

யார் மூஞ்சியைப் பார்த்து யார் வயது போடுவது? நானும் இருபத்தேழு வருடம் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள். பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் ஜூன் ஒன்று போட்டதில்லை. "எந்த வீட்டு முறையில் பிறந்தது?" என்று அம்மாவைக் கேட்பேன். நம் ஊரில் பன்னிரண்டு வீடு. வைகாசித் திருவிழா வருடம் ஒரு வீட்டு முறை. பொங்கல் பானை வைப்பது முறை வீடு. கோயில் வாசலில் நின்று, போன முறைக்குப் பிறகு வீட்டில் பிறந்தவர்கள் பேரை வயதோடு சொல்லிக் கூப்பிடுவது முறை வீட்டு மூத்த ஆண். அந்த வரிசை இதுவரை ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அதை வைத்து எண்ணினால் எந்தப் பிள்ளையின் வயதும் கிடைத்துவிடும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்தந்த ஊர் நடப்பைக் கேட்டு எண்ணித்தான் எழுதினேன்.

என் வயதையும் எண்ணுகிறேன், பாருங்கள். கடைசியாக நம் வீட்டு முறை 2016. அதற்கு முன் 2004, 1992, 1980, 1968. நான் 1968 முறையில், பானை பொங்குகிற நேரத்தில் பிறந்தவள். 1965 பாவாயி வீட்டு முறை. நான் என்ன பாவாயி வீட்டிலா பிறந்தேன்?

ஒரு தாள். நாலு வரி. எழுதி அனுப்புங்கள்.

தங்கை,
சென்னம்மாள்


திண்ணனூர் நாடு
15.11.2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

நீங்கள் நாலு வரி அனுப்பவில்லை. பரவாயில்லை, பழைய நாலு வரி கிடைத்துவிட்டது. ஓய்வூதியத் தாள்கள் தயார் செய்ய ஆபீசில் என் பணிப்பதிவேட்டை எடுத்தார்கள். அதோடு சேர்த்துத் தைத்திருந்த பழைய காகிதங்களுக்கு நடுவே 1987 விண்ணப்பம் இருந்தது. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து அழியவில்லை. குமாஸ்தா எழுத்து அல்ல. உங்கள் எழுத்து. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"விண்ணப்பதாரர் என் உடன்பிறந்த தங்கை. பிறந்த தேதி 1.6.1965. பதினெட்டு வயது நிறைந்த பிறகே, 1983 ஆவணியில், அவளுடைய சம்மதத்தின் பேரில் திருமணம் செய்து கொடுக்கப்பட்டது. இப்படிக்கு, சின்னுசாமி."

பரீட்சை எழுத வந்தவளின் கல்யாணத்தைப் பற்றி அந்தத் தாளில் கேள்வியே இல்லை. மேலிருந்து கீழே மூன்று முறை படித்துப் பார்த்தேன். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். கேட்காததற்குப் பதில் சொல்கிறவனிடம்தான் திருடிய பென்சில் இருக்கும். வகுப்பில் இருபத்தேழு வருடம் பார்த்திருக்கிறேன்.

1983 ஆவணியில் எனக்குப் பதினைந்து. லாரி ஓட்டுகிறவனுக்கு, என்னைவிடப் பதினாறு வயது மூத்தவனுக்குக் கட்டிக்கொடுத்தீர்கள். சம்மதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று காலையில் நான் மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருந்தேன். என்னை வெளியே இழுத்து வந்தது எந்த குமாஸ்தா?

1997-ல் வேலையில் சேர்ந்ததும், "தேதி தப்பா இருக்குதுங்கண்ணா, திருத்தலாமா?" என்று கேட்டேன். "உடு அம்மிணி, மூணு வருசம் முன்னாலயே பென்சன் வரும்" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முப்பத்தேழு வருடமாக முகம் தெரியாத ஒரு குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களுக்கு முகவரி தெரியுமா?

சென்னம்மாள்


காரவள்ளி
8.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

கவிதா எழுதுகிறேன். நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, அத்தை? மேலே பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

அப்பாவுக்கு உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இல்லை. கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். துவைக்கப் போட்டால்கூட எடுத்துக்கொள்கிறார். என்ன என்று கேட்டால், "உங்கத்தை மார்க் போட்டு அனுப்பியிருக்கா" என்கிறார். எழுத உட்கார்ந்தால் "அன்புத் தங்கை" வரைக்கும் எழுதிவிட்டுக் கிழிக்கிறார். ஒன்பது தாள் கிழித்துவிட்டார்.

என்ன நடந்தது அத்தை? எனக்கு இருபதில் மாப்பிள்ளை வந்தபோது, "டிகிரி முடியாம எவனாவது படி ஏறினா கால ஒடிச்சுருவேன்" என்று நின்ற மனிதர் அவர். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏசினார்கள், அசையவில்லை. அப்படிப்பட்டவர் இப்போது சின்னப்பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறார். கோபம் எதுவானாலும் பெரியவர் என்று பார்த்து ஒரு போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
கவிதா


திண்ணனூர் நாடு
14.12.2024

அன்புள்ள கவிதா கண்ணுக்கு,

நலம். பனியில் எனக்கு ஒன்றும் ஆகாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. போன் பண்ண மாட்டேன். உன் அப்பா பெரியவர்தான். நானும் பெரியவள்தான், அவர் புண்ணியத்தில் மூன்று வருடம் கூடுதலாகவே பெரியவள்.

என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதே. அவரிடமே கேள். 1980 முறையில், கோயிலுக்கு முதல் குடம் தண்ணீர் தூக்கி முன்னால் நடந்த பெண் யார், அவளுக்கு அப்போது என்ன வயது என்று கேள். முறையில் பிறந்த பிள்ளைதான் அடுத்த முறைக்கு முன்னால் நடக்க வேண்டும். அந்தக் குடத்தை என் தலையில் ஏற்றிவிட்டவர் அவர். வயது மறந்துபோனது என்று மட்டும் சொல்லாமல் இருக்கட்டும்.

பத்தாவது தாளையும் கிழிக்காமல் பார்த்துக்கொள்.

அத்தை,
சென்னம்மாள்


காரவள்ளி
26.1.2025

தங்கை சென்னம்மாளுக்கு அண்ணன் எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். அதனால் எழுதவில்லை.

கவிதா கேட்டாள். பன்னிரண்டு வயசு என்று சொன்னேன். அப்புறம் மிச்சத்தையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

1987-ல் உனக்கு விண்ணப்பம் போட்ட மாசம், அரியூர் நாட்டுப் பக்கம் ஒருத்தனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்ன வயசுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தான் என்று. ஆபீசில் நான் நிற்கும்போது அதிகாரி ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தார். "ஏய்யா, புள்ள கழுத்துல தாலி கெடக்குது. எப்பக் கல்யாணம்?" என்று கேட்டார். "நாலு வருசமாச்சுங்க" என்று வாயில் வந்துவிட்டது. பிறகுதான் விரலில் எண்ணினேன். கல்யாணத்தப்போ உனக்குப் பதினைந்து வருகிறது. எனக்கு அந்தப் போலீஸ் ஞாபகம் வந்துவிட்டது. அவர் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் அந்த வரியை எழுதினேன். தேதியையும் அதற்குத் தகுந்த மாதிரி போட்டேன்.

1997-ல் நீ திருத்தலாமா என்று கேட்டபோது, பழைய தாளை எடுப்பார்களே என்று பயந்தேன். அதனால்தான் சிரித்தேன்.

அப்பன் இல்லாத வீடு. பொம்பளப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த ஆள் உன்னை அடிப்பான் என்று நான் நினைக்கவில்லை. மன்னித்துவிடு அம்மிணி.

அண்ணன்,
சின்னுசாமி


திண்ணனூர் நாடு
10.2.2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

1987-ல் நீங்கள் செய்தது பயம். உங்களுக்கு இருபத்தெட்டு வயது, போலீஸ் கதை கேட்டிருந்தீர்கள். அதைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். 1997-ல் என்ன பயம்? நான் அரசாங்க டீச்சர், நீங்கள் பேர் வாங்கிய கொத்தனார், அந்த ஆள் செத்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது. வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் கேட்டால் தேதியைத் திருத்துவார்கள். ஐந்து வருடமும் பண்டிகைக்குப் பண்டிகை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். 1985-ல் நான் அடிபட்டு ஓடிவந்தபோது ஊர்க்கூட்டம் வைத்தார்கள். கோயில் வாசலில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். "வயசு வந்த புள்ளைங்க. இஷ்டப்பட்டுத்தான் போனா" என்றீர்கள். முறை எண்ணத் தெரிந்த மற்ற பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சொன்னது நீங்கள், ஊரில் பெரிய வீடான நம் வீட்டு மூத்த மகன். அதற்குப் பிறகு இந்த ஊரில் நான் இஷ்டப்பட்டுப் போய், குடும்பம் நடத்தத் தெரியாமல் திரும்பி வந்தவள். இன்று வரைக்கும் அப்படித்தான். போன வருடம்கூட ஒருத்தி, "டீச்சருக்கு ஊட்டை நடத்தத் தெரியல, பள்ளிக்கூடத்தை நடத்துறாங்க" என்றாள். பிள்ளைகள் காதில் விழச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். நான் தருவதாக இல்லை. என்னிடம் மன்னிப்பு இருந்தால்தானே தருவதற்கு?

இரண்டு வேலை தருகிறேன். ஒன்று, மாவட்ட ஆபீசுக்குப் போய் நீங்கள் எழுதியது பொய் என்று எழுதிக்கொடுங்கள். இரண்டு, இந்த ஊருக்கு வந்து அதே கோயில் வாசலில் நின்று சொல்லுங்கள்.

சென்னம்மாள்
தலைமையாசிரியர் (பொறுப்பு)


காரவள்ளி
30.4.2025

தங்கைக்கு அண்ணன் எழுதுவது. வெயில் கொளுத்துகிறது. மேலே பரவாயில்லை என்று நினைக்கிறேன். உடம்பு எப்படி?

முதல் வேலையை முடித்துவிட்டேன். கவிதாவையும் கூட்டிக்கொண்டு மூன்று தடவை நாமக்கல் போனேன். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை, தாள் சரியில்லை என்றார்கள். மூன்றாம் தடவை கண்காணிப்பாளர் உட்கார வைத்துக் கேட்டார். "நான் பொய் எழுதினேனுங்க, என் தங்கச்சி வயசை மூணு வருசம் கூட்டிப் போட்டேனுங்க" என்றேன். படித்துப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதை இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால கொண்டாந்திருக்கணும். இப்ப ரூல்ல எடமில்லீங்க" என்றார். "அப்ப என்னையாவது புடிச்சுக் குடுங்க" என்றேன். "எதுக்குங்க, போய் டீ குடிங்க" என்றார். வெளியே வந்தோம். நான் டீ குடிக்கவில்லை.

ஏற்க இயலாது என்று தாள் கொடுத்திருக்கிறார்கள். இதோடு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வேலைக்குத்தான் கால் வரவில்லை அம்மிணி. மூட்டுவலியைச் சொல்லவில்லை. காரவள்ளி பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு தடவை போனேன். மலை பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

அண்ணன்,
சின்னுசாமி


திண்ணனூர் நாடு
1.6.2025

அண்ணனுக்கு,

நலம். இன்று ஜூன் ஒன்று. நீங்கள் கொடுத்த பிறந்த நாள். அதைக் கொண்டாட உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாமக்கல் தாள் கிடைத்தது. மூன்று தடவை போனதற்கு மார்க் உண்டு. பாஸ் மார்க் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டீர்கள். தெரிந்தவர்களிடம் சொல்லவில்லை.

நேற்று என்னை அனுப்பி வைத்தார்கள். விடுமுறையிலும் பிள்ளைகள் நடந்து வந்திருந்தார்கள். சால்வை போர்த்தினார்கள், 'பொறுப்பாக நடந்துகொண்ட பொறுப்புத் தலைமையாசிரியர்' என்று ஒருவர் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நேரே அறைக்குள் போனேன். இரண்டு நாள் முன்பே நீலப் பெயின்டும் பிரஷும் வாங்கி மேசைக்கடியில் வைத்திருந்தேன். நாற்காலியில் ஏறி, 2016-க்குக் கீழே இருந்த சுண்ணாம்பில் என் பெயரை எழுதினேன்.

முரளி வாத்தியார் வாசலில் நின்று, "ஐயோ டீச்சர், ஆபீசுல கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?" என்றார்.

"எழுதுனவ ஊருலயேதான் இருக்கா, மேல வந்து கேக்கச் சொல்லுங்க. அழிக்கறதா இருந்தா உங்க கையால அழிச்சிருங்க, இப்பவே. நான் பாக்கறேன்" என்றேன். பெயரைப் படித்தார். பிறகு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், நான் இறங்கும் வரைக்கும். சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தேன்.

பெயருக்குப் பின்னால் '2016 முதல்' என்று மட்டும் எழுதினேன். முடிகிற வருடத்தை எழுதவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் விரலில் எண்ணுங்கள், நன்றாகத்தானே எண்ணுவீர்கள். 2016-க்குப் பிறகு நம் வீட்டு முறை 2028. அந்த வைகாசியில்தான் எனக்கு அறுபது நிறைகிறது. அதுவரைக்கும் பள்ளிக்கூடம் யார் பொறுப்பில் இருந்தாலும் என் கணக்கில் நான் ஓய்வு பெறவில்லை. நாளை மறுநாள் வெளிவளவுகளுக்குப் போகிறேன். எட்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இரண்டு பேர் மேலே படிக்கப் போகவில்லை என்று தெரிகிறது. என்ன காரணம் என்று வீட்டில் கேட்க வேண்டும். அதற்குச் சம்பளமும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம்.

2028-ல் முறை வீட்டு மூத்த ஆண் நீங்கள்தான். கோயில் வாசலில் பேர் கூப்பிட வேறு யாருக்கும் உரிமை கிடையாது. அன்றைக்குப் பிள்ளைகள் பேருக்கு முன்னால் என் பேரைக் கூப்பிடுங்கள். சென்னம்மாள், இன்றைக்கு அறுபது, 1983-ல் பதினைந்து, இஷ்டப்பட்டுப் போகவில்லை, நான்தான் அனுப்பினேன் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறக் கால் வராவிட்டால் கவிதாவைத் தூக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. என்னிடமிருந்து நீங்கள் எடுத்தது எவ்வளவோ அவ்வளவு. மாத்திரையைத் தவறாமல் போடுங்கள். உப்பைக் குறையுங்கள். அதற்கு முன்னால் போய்ச்சேர உங்களுக்கு விடுப்பு கிடையாது.

சென்னம்மாள்
தலைமையாசிரியர்